முதல் சீசனைத் தாண்டிப் போகலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எனக்கு வயது 31. டைல்ஸ் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கடையில் கூட வேலை பார்க்கும் நண்பர் சொல்லி 'காகுயா-சாமா: லவ் இஸ் வார்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர் (அனிமே) பார்த்தேன். முதல் சீசன் சிரிப்பாக இருந்தது, அவ்வளவுதான். பள்ளி மாணவர் மன்றத்தில் ஒரு பையன், ஒரு பெண். இருவருக்கும் காதல். முதலில் சொல்பவர் தோற்றவர் என்று நினைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சொல்லவைக்கப் பார்க்கிறார்கள். எல்லா எபிசோடிலும் இதுவே. ஆனால் இரண்டாவது சீசன் வேற லெவல் சார். பதினோராவது எபிசோடில் அழுதேவிட்டேன். காமெடித் தொடரில் இது எப்படி நடந்தது? பட்ஜெட் கூடியதா, ஸ்டுடியோ மாறியதா?

என் தம்பிக்குப் பொறுமை கிடையாது. அவனை நேராக இரண்டாவது சீசனில் ஆரம்பிக்கச் சொல்லலாமா? முதல் சீசன் கதையை நானே பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அப்புறம், சப்டைட்டிலா டப்பிங்கா? இந்த வயதில் கார்ட்டூன் பார்க்கிறாயே என்று வீட்டில் கேலி செய்கிறார்கள், அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மண்ணிக்கவும்.

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சப்டைட்டிலோடு ஜப்பானிய மொழியில் பாருங்கள். ஆவோயாமா யுத்தகா என்பவர்தான் அதில் கதைசொல்லி. ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறப்பதைக்கூடப் போர்க்கள அறிவிப்பு மாதிரி சொல்லும் அந்தக் குரலுக்காகவே பார்க்கலாம். வீட்டார் கேலிக்கு என்னிடம் பதில் இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே பாருங்கள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

ஸ்டுடியோ மாறவில்லை. 2019 ஜனவரியில் முதல் சீசன், 2020 ஏப்ரலில் இரண்டாவது. இரண்டையும் எடுத்தது ஏ-1 பிக்சர்ஸ், இயக்கியவர் ஹதகேயாமா மாமோரு. அகாசாகா ஆகாவின் ஒரே மாங்காதான், அதாவது ஜப்பானிய காமிக்ஸ்தான், இரண்டுக்கும் மூலம். பன்னிரண்டு பன்னிரண்டு எபிசோடுகள். கடைசியில் எழுத்து ஓடுமே, அதைப் பார்ப்பதே இல்லையா? பட்ஜெட் பற்றிக் கேட்டதற்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாண வீட்டில் ரசம் நன்றாக இருந்தால் இலைக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்கிற கூட்டம் நாம்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவீர்களா? எதைச் சொல்வீர்கள்?

ஹதகேயாமா இந்தத் தொடருக்கு முன்பு ரகுகோ கலைஞர்களைப் பற்றி 'ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜூ' என்று ஒரு தொடர் இயக்கினார். 2016-இல் முதல் சீசன், 2017-இல் இரண்டாவது. ரகுகோ என்பது ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக இருந்துவரும் கதை சொல்லும் கலை. மேடையில் ஒரே ஆள், ஒரு மெத்தைத் துண்டின் மேல் முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு விசிறி, ஒரு கைத்துண்டு. தலையை இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு பாத்திரம், அந்தப் பக்கம் திருப்பினால் இன்னொரு பாத்திரம். விசிறியே நூடுல்ஸ் எடுக்கும் குச்சியாகும், அதுவே புகைக்குழாயாகும். எழுந்து நடப்பதெல்லாம் கிடையாது.

அதில் ஜுகேமு என்று ஒரு கதை. பிறந்த பிள்ளைக்கு நீண்ட ஆயுள் தருகிற பெயர் வேண்டும் என்று தகப்பன் பௌத்தத் துறவியிடம் போகிறான். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவனுக்கு எதையும் விட மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிடுகிறான். பையன் வளர்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலையில் ஒன்று போட்டுவிடுகிறான். அது அழுதுகொண்டே வந்து முழுப் பெயரையும் சொல்லிப் புகார் செய்கிறது. அம்மா முழுப் பெயரையும் சொல்லி, எங்கள் பிள்ளையா அடித்தான் என்கிறாள். அப்பாவும் முழுப் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். எல்லோரும் சொல்லி முடிப்பதற்குள் தலையில் இருந்த வீக்கம் வற்றிவிடுகிறது.

ஜப்பானில் சின்னப் பிள்ளைகளுக்கே அந்தப் பெயர் மனப்பாடம். முடிவும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெயர் இரண்டாவது முறை ஆரம்பிக்கும்போதே சிரிப்பு கிளம்பிவிடுகிறது. இதை உங்கள் பாணியில் தம்பிக்குச் சுருக்கிச் சொன்னால் என்ன வரும்? 'பையனுக்கு நீளமான பெயர், வீக்கம் வற்றிவிட்டது.' சிரிப்பானா?

எதிர்பாராதது நடந்தால்தான் சிரிப்பு வரும் என்று எங்கோ படித்துவிட்டு எல்லோரும் அதையே சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. என்ன நடக்கும் என்று தெரிந்த ஆளைப் பார்த்துத்தான் மனிதன் அதிகம் சிரிக்கிறான். நம் வீட்டில் யாரைப் பார்த்து அதிகம் சிரிக்கிறோம் என்று யோசியுங்கள். முப்பது வருடமாக ஒரே தப்பைச் செய்கிற மாமாவைப் பார்த்து.

முதல் சீசனில் ஷிரோகானே வாலிபால் கற்றுக்கொள்வது நினைவிருக்கிறதா? மன்றத் தலைவன், பள்ளியிலேயே முதல் மாணவன், சர்வீஸ் போடத் தெரியாது. மன்றச் செயலாளர் ஃபுஜிவாரா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தே பாதி உயிராகிவிடுகிறாள். நல்ல காமெடி, அவ்வளவுதான். இரண்டாவது சீசனில் விளையாட்டு விழாவுக்காக அவன் சோரன் புஷி ஆடவேண்டும். ஹொக்கைடோ மீனவர்கள் ஹெர்ரிங் மீன் பிடிக்கும்போது பாடிய பாட்டு அது. வலை இழுப்பதும் அலை புரள்வதும்தான் ஆட்டம். இவன் கையைத் தூக்குவதற்கு முன்பே நாம் சிரிக்கத் தொடங்கிவிட்டோம். ஃபுஜிவாராவின் முகத்தில் ஒரு களைப்பு வருகிறது பாருங்கள், பெற்ற தாயின் களைப்பு. அது வாலிபாலில் வந்த களைப்பு. இந்த முறை கூடவே அவன் காதலிக்கும் காகுயாவும் புகுந்து, நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று இழுக்கிறாள். புதிதாக வந்தது அந்த இழுபறி மட்டும்தான். மீதிச் சிரிப்பெல்லாம் முதல் சீசனில் போட்டுவைத்த பணத்துக்கு வட்டி. (2022-இல் வந்த மூன்றாவது சீசனில் அவன் ராப் பாடக் கற்றுக்கொள்கிறான். அதையும் தம்பிக்குப் பத்து நிமிடத்தில் சொல்வீர்களா?)

சிரிப்பை விடுங்கள். நீங்கள் அழுத இடத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

இஷிகாமி என்ற பொருளாளர் பையன். ஒரு கண்ணை மறைக்கிற முடி, கழுத்தில் ஹெட்போன். முதல் சீசனில் அவன் வெறும் ஜோக். எதையாவது உளறி அறையில் உள்ள பெண்களைக் கோபப்படுத்திவிட்டு, 'சாகணும் போல இருக்கு, வீட்டுக்குப் போறேன்' என்று கிளம்பிவிடுவான். நான் சிரித்தேன். 2020 ஊரடங்கில் கல்லூரி விடுதி மூடிவிட்டதால் அண்ணன் மகள் எங்களோடு இருந்தாள். அவள்தான் இதைக் காட்டினாள். அவளும் சிரித்தாள். நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

இரண்டாவது சீசன் நடுவில் மன்றத் தேர்தல் வருகிறது. எதிரணியில் ஈனோ மிக்கோ (வாயுவுக்குக் குடிக்கிற ஈனோ அல்ல). கண்டிப்பான பெண். ஆனால் மேடையில் ஏறினால் குரல் நடுங்கும், கீழே எல்லோரும் சிரிப்பார்கள். அப்போது இஷிகாமி தலைவனிடம் போய், சும்மா ஜெயித்தால் போதாது, அவளை யாரும் பார்த்துச் சிரிக்காதபடி ஜெயிக்கவேண்டும் என்று கேட்கிறான். அவள் அவனை மதிப்பவள்கூட இல்லை. ஷிரோகானே மேடையிலேயே அவளை வாதத்துக்கு இழுக்கிறான். கோபத்தில் அவள் கூட்டத்தையே மறந்து பேசுகிறாள், தலை நிமிர்ந்துவிடுகிறது. ஒரு காமெடித் தொடர் தன் சாமர்த்தியம் முழுவதையும் செலவழித்துக் கூட்டத்தின் சிரிப்பை நிறுத்துகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான். அந்தப் பையனுக்குச் சிரிப்பைப் பற்றி என்னவோ தெரிந்திருக்கிறது என்று பட்டது.

என்ன தெரியும் என்பது பதினோராவது எபிசோடில் வருகிறது. நடுநிலைப் பள்ளியில் ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் அவளுடைய காதலனை அடித்துவிடுகிறான். உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கெடுதல், அதனால் வாய் திறப்பதில்லை. அவள் பின்னால் அலைகிறவன் என்று பெயர் வந்துவிடுகிறது. பள்ளி இடைநீக்கம் செய்து மன்னிப்புக் கடிதம் கேட்கிறது. அவனால் எழுத முடியவில்லை. ஷிரோகானே வந்து, நீ எழுதவேண்டியது இதுதான் என்று அந்தத் தாளில் பெரிய எழுத்தில் எழுதுகிறான். தமிழில் சொன்னால், 'வாயை மூடுங்கடா, மடையன்களா.'

அண்ணன் மகள் என் பக்கம் திரும்பவில்லை. மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து மாடிக்குப் போனேன். தொட்டி நிரம்பித்தான் இருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வகுப்பில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. பழி ஒரு பையன் மேல் விழுந்தது. கடைசி பெஞ்ச், அதிகம் பேசமாட்டான். அவன்தான் எடுத்தான் என்று யாரும் பார்க்கவில்லை. எடுக்கவில்லை என்று அவனும் ஒரு தடவைக்கு மேல் சொல்லவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள், எழுதினான். நாலு வரி. கடைசி வரி, 'என்னை மண்ணித்துவிடுங்கள்'. ஆசிரியர் அந்த 'ண்'ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டு, கடிதத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். வகுப்பே சிரித்தது. நானும். நன்றாகவே சிரித்தேன், தமிழில் முதல் மதிப்பெண் எடுக்கிறவன் அல்லவா. அன்று மாலைக்குள் அவன் பெயர் 'மண்ணு' ஆகிவிட்டது. வைத்தது நான் இல்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நானாகவும் இருக்கலாம்.

முழுப்பரீட்சை முடிந்து வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தியபோது ஜியாமெட்ரி பாக்ஸ் பின்னால் கிடந்தது. உரியவனிடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. கடிதத்தை எப்போதோ கிழித்திருந்தார்கள். 'மண்ணு' மட்டும் பத்தாம் வகுப்பு முடியும்வரை இருந்தது. அவனே அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

ஒரு தாள், அதன் மேல் இன்னொருவரின் பேனா. அந்த எபிசோடில் நான் பார்த்தது அதை மட்டும்தான். எங்கள் வகுப்பில் நாற்பத்தெட்டு பேர் இருந்தோம். எல்லோரிடமும் பேனா இருந்தது.

கோபத்தில் உங்கள் கேள்வியை விட்டுவிட்டேன். பழைய கதையைச் சொல்லி அழவைப்பது பெரிய வித்தையில்லை, எந்த சீரியலும் செய்யும். 'வீட்டுக்குப் போறேன்' என்று அவன் கதவைத் திறந்துகொண்டு போன ஒவ்வொரு தடவையும் நாம் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பெல்லாம் பதினோராவது எபிசோடில் கணக்குக்கு வருகிறது. அவன் சேர்ந்த விளையாட்டு விழா உற்சாகக் குழுவில் மற்றவர்களின் கண்களை அதுவரை நமக்குக் காட்டாமலே வைத்திருப்பார்கள், கவனித்தீர்களா? அவன் யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஓட்டத்தில் தோற்று நிற்கும்போது அவனைச் சுற்றிக் கூடுகிறார்கள். அப்போதுதான் அந்த முகங்களில் கண்கள் தெரிகின்றன. முதல் சீசனைத் தாண்டி வருகிற உங்கள் தம்பிக்கு இஷிகாமி யாரோ ஒரு பாவப்பட்ட பையன். அவன் உச்சுக்கொட்டுவான். நீங்கள் அழுததற்குக் காரணம் வேறு. நீங்களும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தீர்கள்.

எனவே கூடாது. முதல் எபிசோடிலிருந்து காட்டுங்கள். ஒரே மாதிரி இருக்கிறது என்று முனகினால் முனகட்டும், ஒரே மாதிரிதான் இருக்கும். வாலிபால் வரைக்கும் வந்தும் சிரிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வேறு எதையாவது பார்க்கட்டும். கட்டாயப்படுத்திக் காமெடி காட்டுவதைப் போலக் கொடுமை இல்லை. இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடை மட்டும் அவனோடு சேர்ந்து இன்னொரு முறை பாருங்கள். காகுயாவின் பழைய மடக்கு போன் உடைந்து, அதிலிருந்த படங்கள் எல்லாம் போய்விடும். பிறகு மற்றவர்கள் தங்களிடம் இருப்பதை அனுப்புவார்கள். நீங்கள் முதல் முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகப் பார்த்திருப்பீர்கள் என்று ஒரு சந்தேகம்.

வாசகர் கடிதங்களில் எழுத்துப்பிழையைத் திருத்தித்தான் வெளியிடுவேன். உங்கள் கடிதத்திலும் ஏழெட்டு இடத்தில் திருத்தியிருக்கிறேன், 'ல'வும் 'ள'வும் உங்களுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது. கடைசி வரியில் மட்டும் கை வைக்கவில்லை.