கான்டெஸா லோயர் ஆர்ம் புஷ்: குமிழி ஏன் வருகிறது?

நண்பரே, கான்டெஸா காரின் லோயர் ஆர்முக்கு (முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை) வார்த்த பாலியூரித்தேன் புஷ்ஷில் (அந்தக் கையின் மூட்டில் அதிர்வைத் தாங்கும் உருளை) குமிழியும், மேலே பிசுபிசுப்பும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

குமிழிக்கு முதல் சந்தேகம் ஈரம்தான். பாலியூரித்தேன் கலவையின் ஒரு பாகமான ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு உருவாகும். மர அச்சு, பிளாஸ்டர் அச்சு இரண்டுமே ஈரம் இழுக்கும். லேத்தில் கடைந்த அலுமினிய அச்சுக்கு மாறுங்கள். மழை நாளில் வார்க்க வேண்டாம். திறந்த ஐசோசயனேட் டப்பாவை மாதக்கணக்கில் வைத்திருந்தால் அதைத் தூக்கிப்போடுங்கள். கலக்கும்போது காற்றும் உள்ளே போகும். அதற்கு வேக்கம் பம்ப் நல்லது. இல்லையென்றால் மெல்லிய தாரையாக, அச்சின் அடியிலிருந்து நிரம்பும்படி ஊற்றுங்கள்.

பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் கலவையின் இரு பாகங்களின் அளவுத் தவறு. கண் மதிப்பெல்லாம் சரிவராது. கிராம் தராசில் எடை போடுங்கள், கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள்.

சாலையில் ஓடும் வண்டிக்கு ஷோர் 80ஏ கடினம் போதும் (ஷோர் என்பது ரப்பர் போன்றவற்றின் கடினத்தை அளக்கும் அளவுகோல், எண் கூடினால் கடினமும் கூடும்). 95ஏ போட்டால் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கில் தெரியும்.

முக்கியமான ஒன்று: ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு வேலை செய்யும், பாலியூரித்தேன் புஷ் அப்படியல்ல. உள் ஸ்லீவ் (நடுவிலுள்ள உலோகக் குழாய்) இதற்குள் வழுக்கிச் சுழல வேண்டும். எனவே ஸ்லீவில் ஒட்டாதபடி ரிலீஸ் ஏஜென்ட் பூசி வார்த்து, மாட்டும்போது சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பின் ஆக்சில் லிங்க்குகள் பல திசையில் திரும்புபவை, அங்கே ரப்பரையே விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. கையுறை, ஆர்கானிக் வேப்பர் மாஸ்க், நல்ல காற்றோட்டம் மூன்றும் கட்டாயம்.