கேதார்காந்தா போகும் கால்களுக்கு

கேள்வி: நாமக்கல்லிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 44 வயது, கணவருக்கு 49. அவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் வைத்திருக்கிறோம். டிசம்பர் கடைசி வாரம் உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா மலையேற்றத்துக்குப் பணம் கட்டிவிட்டோம். இருவரும் பனியில் நடந்ததே இல்லை. காலை நடைக்குப் போடும் ஓட்ட ஷூ போதுமா, கடையில் காட்டிய 14,000 ரூபாய் ஷூ வாங்க வேண்டுமா? காலுறையை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் போட்டால் குளிர் தாங்குமா? பைக்கில் போகும்போது போடும் தோல் கையுறை வீட்டில் இருக்கிறது. அதையே எடுத்துப் போகலாமா?

பதில்: ஓட்ட ஷூ வேண்டாம். 14,000 ரூபாயும் வேண்டாம். காலுறையை அடுக்கிப் போடும் யோசனையை இன்றே கைவிட்டுவிடுங்கள். நம் ஊரிலிருந்து முதன்முறை பனிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு அது. எத்தனையோ பேரின் விரல்கள் மரத்துப்போனதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

ஷூவோ காலுறையோ தானாகச் சூடு தருவதில்லை. உடம்பில் உண்டாகும் சூட்டை ரத்தம் விரல் நுனிவரை கொண்டுவருகிறது. அது வெளியே போகாமல் காப்பது மட்டும்தான் காலுறையின் வேலை. மூன்று காலுறைகளைத் திணித்து, அதன்மேல் ஷூவை இழுத்துக் கட்டினால் ரத்த ஓட்டம் குறையும். காலுறையின் இழைகளுக்குள் தங்க வேண்டிய காற்றும் நசுங்கி வெளியேறிவிடும். சூட்டைப் பிடித்துவைப்பதே அந்தக் காற்றுதான். ஆகவே மூன்று காலுறை போட்டவர் ஒன்று போட்டவரைவிட அதிகமாகக் குளிரில் நடுங்குவார். இறுக்கமும் ஈரமும்தான் விரல்களைக் கெடுக்கின்றன. கடையில் எதைக் கையில் எடுத்தாலும் இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் போகும் இடத்தின் தன்மையையும் சொல்லிவிடுகிறேன். மலையேற்றம் தொடங்கும் சங்க்ரி கிராமம் சுமார் 6,400 அடி உயரத்தில் இருக்கிறது, உச்சி சுமார் 12,500 அடி. டிசம்பர் கடைசியில் பாதையின் பெரும்பகுதியில் பனி கிடக்கும். உச்சிக்குப் போகும் நாளில் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் இருட்டில் கிளம்பச் சொல்வார்கள். அந்த நேரத்தில் பனி கல்லைப் போல உறைந்திருக்கும். அதே பனி மதியம் இறங்கும்போது இளகி, கணுக்கால்வரை ஈரமாக்கும். மாலையில் அந்த ஈரம் மறுபடி உறையும். ஒரே நாளில் இந்த மூன்று நிலைமைகளையும் உங்கள் ஷூ சமாளிக்க வேண்டும்.

ஓட்ட ஷூவின் மேல்பகுதி வலைத்துணி. கால் வியர்க்காமல் இருக்கக் காற்று போக வேண்டும் என்று செய்தது, அதே வழியில் பனிநீர் உள்ளே வரும். அதன் அடிப்பாகம் மென்மையாக வளையும். பனியில் வழுக்காமல் இருக்க ஷூவுக்கு மேல் மாட்டும் முள்சங்கிலி, இப்படி வளையும் ஷூவில் சரியாக உட்காராமல் பக்கவாட்டில் நழுவும். அதனால் கணுக்கால் மூடும் உயரமுள்ள, நீர் புகாத நடுத்தர மலையேற்ற ஷூ வாங்குங்கள். இந்த வகையில் நல்லது ஐந்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. உயரமான ஷூ கணுக்கால் பிசகாமல் காப்பாற்றும் என்று விற்பனையாளர் சொல்வதை முழுதாக நம்பிவிடாதீர்கள். பிசகாமல் காப்பது கால் வைக்கும் கவனமும் கெண்டைக்காலின் பலமும்தான். பனியில் உயரமான ஷூவை நான் வற்புறுத்துவது, மேல்வாய் வழியாகப் பனி உள்ளே விழாமல் இருப்பதற்காகத்தான்.

அடுத்து ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். ரப்பரில் ஆழமான, இடைவெளி விட்ட கட்டைகள் இருக்க வேண்டும். இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறியின் தோழர்கள் ஆறு பேர் புயலில் சிக்கி இறந்தார்கள். குளிருக்குப் பொருந்தாத காலணியும் அதற்கு ஒரு காரணம். பாறையிலும் பனியிலும் ஒருசேரப் பிடிக்கும் ரப்பர் அடிப்பாகத்தை அவர் உருவாக்கி, 1937இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரையும் குலப்பெயரையும் சுருக்கியதுதான் வைப்ரம். இன்று எந்த நிறுவனத்தின் மலையேற்ற ஷூவை எடுத்தாலும் அந்தக் கட்டை வடிவத்தின் சாயலைப் பார்க்கலாம்.

அளவு பார்ப்பதில்தான் நேரம் செலவிட வேண்டும். மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலையில் போடப்போகும் அதே தடிமனான காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். நாடாவைக் கட்டாமல் காலை நுழைத்து, விரல்கள் முன்பக்கம் தொடும்வரை தள்ளுங்கள். இப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பிறகு குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி நாடாவைக் கட்டி நடந்து பாருங்கள். குதிகால் தூக்கக்கூடாது. உள்ளே விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல அசைக்க முடிய வேண்டும். உள்ளே இருக்கும் மெத்தட்டையை வெளியே எடுத்து அதன்மேல் நின்றும் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் பாதம் வெளியே பிதுங்கினால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது. சிறு வயது முதல் வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்து வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். ஐரோப்பிய அச்சில் செய்த பெண்கள் ஷூ உங்களுக்குக் கடித்தால், வெட்கப்படாமல் ஆண்கள் பிரிவில் சிறிய அளவை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

வாசகிக்குத் தனியாக ஒன்று. மெட்டியைக் கழற்றிவிடுங்கள். தடித்த காலுறைக்குள், ஷூவுக்குள், வீங்கிய விரலில் அந்த வெள்ளி வளையம் ஆறு மணி நேரம் அழுத்தினால் பக்கத்து விரலில் தோல் உரிந்துவிடும். குளிரில் உலோகம் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். கழற்ற மனம் வராதவர்கள் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், நல்ல வழி. கைமோதிரமும் அப்படியே. உயரத்தில் விரல் வீங்கியபின் கழற்ற முடியாது.

இரவல் ஷூ, பரணிலிருந்து எடுத்த பழைய ஷூ இரண்டும் வேண்டாம். ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் நண்பரிடம் வாங்கிய ஷூவில் வந்தார். ஆறு வருடம் பீரோவில் இருந்தது, பார்க்கப் புதிது போலவே இருந்தது. இரண்டாம் நாள் மதியம் குதிகால் பக்கம் சோல் வாய் பிளந்தது. மாலைக்குள் நாக்கைப் போலத் தொங்கியது. கூடாரக் கயிற்றால் சுற்றிக் கட்டி, ஒவ்வொரு அரை மணிக்கும் நின்று முடிச்சை இறுக்கி அவரை இறக்கிக் கொண்டுவந்தோம். பல ஷூக்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரப்பதம் பட்டுப் பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். கோட்டு, கைத்தடி, ஷூவின் மேல்வாயையும் கெண்டைக்காலையும் மூடும் பனிக்காப்பு உறை எல்லாம் சங்க்ரியில் வாடகைக்கு எடுங்கள். ஷூவை மட்டும் சொந்தமாக, புதிதாக வாங்கி, நவம்பர் முழுக்கப் போட்டு நடந்து பழக்குங்கள்.

பழக்குவதற்கு உங்களுக்குக் கொல்லிமலை பக்கத்திலேயே இருக்கிறதே! ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைவிடச் சிறந்த சோதனைச்சாலை கிடையாது. ஏறும்போது எந்த ஷூவும் நல்ல ஷூதான், இறங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். பெருவிரல் முன்பக்கம் இடித்தால் கணுக்கால் மடிப்பில் நாடாவை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றி இறுக்கி, அதற்குக் கீழே தளர்வாக விட்டுப் பாருங்கள். அப்போதும் இடித்தால் ஷூ சிறியது. கடைக்காரரிடம் முதலிலேயே மாற்றித் தருவாரா என்று கேட்டுக்கொண்டு, வீட்டுக்குள் படியேறி இறங்கிப் பார்த்து முடிவு செய்தபின் மலைக்குக் கொண்டுபோங்கள். மண் பட்ட ஷூவை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

காலுறைக்கு வருகிறேன். பருத்தி கூடவே கூடாது. நம் வெயிலுக்குப் பருத்தியைப் போல உற்ற நண்பன் இல்லை, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பனியில் அந்தக் குணமே பகையாகிவிடும். உறிஞ்சிய ஈரத்தை விடாமல், பாதத்தைச் சுற்றிக் குளிர்ந்த பட்டி போட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, சூட்டையும் விடாது. மெரினோ கம்பளியும் நைலானும் கலந்த தடிமனான காலுறை வாங்குங்கள். முழுக் கம்பளி சீக்கிரம் ஓட்டையாகும், நைலான் கலப்பு தாக்குப்பிடிக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கம்பளி என்று சொல்லி விற்பவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்ற செயற்கை நூல். தூங்கும்போது போட அவை நன்றாகவே இருக்கும், நடப்பதற்கு வேண்டாம். வாங்குமுன் சீட்டைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.

ஒரு மெல்லிய உள்காலுறை, அதன்மேல் ஒரு தடித்த கம்பளிக் காலுறை. அடுக்கு அவ்வளவுதான். உள்காலுறை சூட்டுக்காக அல்ல. உராய்வு தோலில் விழாமல் இரண்டு துணிகளுக்கு இடையே விழுவதால் கொப்புளம் வராது. அப்படியும் குதிகாலில் சுரீர் என்று சூடு தெரிந்தால் அடுத்த நிறுத்தம்வரை பொறுத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, மருந்துக்கடை ஒட்டுப்பட்டையைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் உட்காருங்கள்.

ஆளுக்கு நடக்க மூன்று ஜோடி, தூங்க ஒரு ஜோடி போதும். அந்தத் தூங்கும் ஜோடி என்ன ஆனாலும் கூடாரத்தை விட்டு வெளியே வரக்கூடாது. பகலில் நனைந்த காலுறையை இரவில் படுக்கைப் பைக்குள் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்தால் காலையில் அனேகமாகக் காய்ந்திருக்கும். ஷூவையும் வெளியே விடாதீர்கள். ஈர ஷூ இரவில் உறைந்துவிட்டால் நாடா கம்பியைப் போல விறைத்து நிற்கும், வாய் திறக்காது, விடியற்காலை மூன்று மணிக்கு அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டுப் படுக்கைப் பையின் கால்மாட்டில் வையுங்கள். நெருப்பருகே காயவைத்தால் பசை இளகிச் சோல் கழன்றுவிடும்.

உங்கள் கணவருக்காக இந்தப் பத்தி. நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அவருக்கே தெரியாமல். மற்றவர்களைக் காப்பாற்றும் அந்தச் சுரீர் அவருக்கு வராது. கிளம்புமுன் மருத்துவரிடம் போய், மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளட்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் பனிமலைக்குப் போகலாமா என்பதையே மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். போவதாக இருந்தால் தினமும் மாலையில் டார்ச் வெளிச்சத்தில் அவருடைய இரண்டு பாதங்களையும், விரலிடுக்கு உட்பட, நீங்கள் பார்த்துவிடுங்கள். சூடேற்றும் பொட்டலங்களை அவர் தோல்மேல் நேராக வைக்கவே கூடாது. வெந்தாலும் தெரியாது.

இனி கையுறை. பைக் கையுறை விரல்களைக் கவ்விப் பிடிக்கும், தோல் நனைந்தால் மறுநாள்வரை காயாது. அதை விட்டுவிடுங்கள். மெல்லிய உள்கையுறை ஒன்று, ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணியிலோ கம்பளியிலோ ஒன்று, இரண்டின் மேலும் தளர்வாக ஏறும் நீர் புகாத வெளியுறை ஒன்று. குளிர் அதிகம் தாங்காதவர்கள் வெளியுறையை நான்கு விரலும் ஒரே பையில் இருக்கும் வகையில் வாங்கலாம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு எதையும் செய்ய முடியாது. முள்சங்கிலி மாட்ட வேண்டும், பனிக்காப்பின் கொக்கியைப் பூட்ட வேண்டும், படம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வெறுங்கையை நீட்டினால் ஐந்தே நிமிடத்தில் விரல் சொன்னபடி கேட்காது. அதற்குத்தான் மெல்லிய உள்கையுறை. அதை மலையில் எந்நேரமும் கழற்றாதீர்கள்.

வெளியுறையை மணிக்கட்டோடு நாடாவால் கட்டிக்கொள்ளுங்கள். 1950 ஜூன் 3 அன்று 8,091 மீட்டர் அன்னபூர்ணாவில் ஏறிய மோரிஸ் எர்சோக், எண்ணாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றில் முதன்முதலாகக் கால் வைத்த இருவரில் ஒருவர். இறங்கும் வழியில் பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றிக் கீழே வைத்தார். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. பையில் மாற்றுக் காலுறைகள் இருந்தன, கையில் மாட்டியிருக்கலாம். களைப்பிலும் உயரத்தின் மயக்கத்திலும் அந்த எண்ணமே அவருக்கு வரவில்லை. கால்விரல்கள் அனைத்தையும் கைவிரல்களில் பெரும்பாலானவற்றையும் இழந்தார். நீங்கள் போவது அதில் பாதி உயரம்கூட இல்லை. ஆனாலும் இருட்டில், காற்றில், ஒரு கையுறை சரிவில் போய்விட்டால் அதைத் தேடிக்கொண்டு யாராலும் இறங்க முடியாது. மாற்றுக் காலுறையைப் பையின் மேல்பகுதியில், எளிதில் எட்டும் இடத்தில் வையுங்கள்.

விரல் வலித்தால் பயப்பட வேண்டாம், வலி நின்று மரத்துப்போனால் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். கைவிரலை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். பனியால் தேய்ப்பதும் நெருப்பில் காட்டுவதும் தோலைக் கெடுக்கும். கால் என்றால் முதலில் நாடாவைத் தளர்த்துங்கள். பல நேரம் அதிலேயே உணர்ச்சி திரும்பிவிடும்.

கடைசியாக, முகாமில் மாலைப்பொழுதுக்கு ஒரு செருப்பு தேவைப்படும். வீட்டில் போடும் விரல் வார் வைத்த செருப்பு காலுறையோடு நுழையாது. முன்பக்கம் மூடிய லேசான ரப்பர் செருப்பு ஒன்றை, காலுறையோடு போட்டுப் பார்த்து, ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்.