கணினிக் கேள்வி-பதில்: டீச்சர் பெயரில் பேசுவது யார்?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பொது மண்டபத்தில் மாலை டியூஷனுக்காக 9 பழைய கணினிகளை ஒரே ரௌட்டரில் இணைத்திருக்கிறோம். பைத்தானில் எழுதிய சிறிய அரட்டை சர்வர் ஒரு மடிக்கணினியில் ஓடுகிறது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் கிளை). உள்ளே வந்ததும் பெயர் கேட்கும், அவ்வளவுதான். போன வாரம் ஒரு பையன் ‘டீச்சர்’ என்று பெயர் கொடுத்து ‘இன்று வகுப்பு இல்லை’ என்று போட, பாதிப் பேர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கடவுச்சொல் கேட்டு உள்ளே விடுவது எப்படி?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கடவுச்சொல்லுக்குப் போகுமுன், சர்வர் வரியைப் படிக்கும் விதத்தைச் சரிபாருங்கள். வலையிலிருந்து வந்ததை வாங்கும் ‘ரிசீவ்’ கட்டளையை ஒருமுறை அழைத்து, வந்ததையெல்லாம் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் லாகின் சேர்த்த அன்றே தகராறு ஆரம்பிக்கும். கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுபோகும் டிசிபி நெறிமுறைக்குச் செய்தி எது, வரி எது என்று தெரியாது. குழாய்த் தண்ணீர் போல பைட்டுகள் வந்துகொண்டே இருக்கும். பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்பும் ‘/நுழை’ வரியின் பாதி இப்போதும் மீதி அடுத்த தடவையும் வரலாம், இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். இணைப்புக்கு ஒரு பஃபர் (வந்ததைச் சேர்த்துவைக்கும் இடம்) வைத்து, வரிமுடிவுக் குறி கிடைத்த பிறகே வெட்டி எடுங்கள். பைட்டுகளை எழுத்தாக மாற்றும் யூடிஎஃப்-8 டிகோட் அதற்கப்புறம்தான். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், ‘கு’ என்றால் 6. அதன் நடுவில் வெட்டுப்பட்டதை டிகோட் செய்யப் போனால் பிழை கிளம்பி அந்த த்ரெட் அங்கேயே நின்றுவிடும். ஆங்கிலத்தில் மட்டும் தட்டிச் சோதிப்பவர்கள் கண்ணில் இது படாது. 4096 பைட் சேர்ந்தும் வரிமுடிவு வரவில்லையா, இணைப்பைத் துண்டியுங்கள்.

அடுத்தது, பெயரை யார் போடுகிறார் என்பது. உங்கள் கிளையன்ட் (மாணவர் கணினியில் ஓடும் அரட்டை நிரல்) ‘டீச்சர்: இன்று வகுப்பு இல்லை’ என்று பெயரையும் சேர்த்து அனுப்பினால், எத்தனை கடவுச்சொல் வைத்தும் பயனில்லை. கிளையன்ட் செய்தியை மட்டும் அனுப்பட்டும். லாகின் நடந்த இணைப்புக்குரிய பெயரை சர்வரே முன்னால் ஒட்ட வேண்டும். இணைப்பு திறக்கும்போது அதன் பெயர் காலி. காலியாக இருக்கும்வரை ‘/நுழை’, ‘/விலகு’ இரண்டைத் தவிர எதையும் ஏற்காதீர்கள். பொதுச் செய்தி போகும் பட்டியலிலும் அந்த இணைப்பைச் சேர்க்காதீர்கள். இதை மறந்தால், நுழையாமலே ஒருவர் மற்றவர் பேச்சைப் படித்துக்கொண்டிருப்பார். 30 விநாடிக்குள் நுழையாத இணைப்பை மூடுங்கள். காத்திருப்புக்கு வரம்பு வைக்கும் ‘செட்டைம்அவுட்’ மட்டும் போதாது: ஒவ்வொரு ரிசீவுக்கும் அது புதிதாக எண்ண ஆரம்பிக்கும். இணைந்த நேரத்தைக் குறித்துவைத்து மொத்தத்தைக் கணக்கிடுங்கள்.

‘/நுழை பெயர் கடவுச்சொல்’ என்ற வரியைப் பிரிக்கும்போது அதிகபட்சம் 2 வெட்டு என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் இடைவெளி உள்ள கடவுச்சொல் துண்டாகிவிடும். சர்வர் நடந்ததை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பில் இந்த வரி பதிவாகக் கூடாது.

‘/பதிவு’ என்று ஒரு கட்டளை வைக்கத் தோன்றும். வேண்டாம். முந்திக்கொண்டு ‘டீச்சர்’ பெயரைப் பதிவு செய்யப் போவது அதே பையன்தான்! சர்வர் மடிக்கணினியில் மட்டும் ஓடும் தனி நிரலால் நீங்களே கணக்குகளைத் திறந்து கொடுங்கள்.

கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கக் கூடாது. எஸ்கியூலைட் தரவுத்தள அட்டவணையில் பெயர், உப்பு, ஹேஷ் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட, திருப்பிக் கண்டுபிடிக்கக் கடினமான மதிப்பு) என்று மூன்று பத்திகள் போதும். உப்பு என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக பைத்தானின் ‘சீக்ரெட்ஸ்’ தொகுதியிலிருந்து எடுத்து, கடவுச்சொல்லோடு கலக்கும் 16 பைட். ஹேஷுக்கு ‘ஹேஷ்லிப்’ தொகுதியில் உள்ள எஸ்கிரிப்ட் முறை; அதற்குக் கொடுக்கும் மதிப்புகள்: ‘என்’ 16384, ‘ஆர்’ 8, ‘பி’ 5. ஒரு சரிபார்ப்புக்கு ஏறக்குறைய 16 எம்பி நினைவகம் பிடிக்கும். ‘என்’னை 32768 ஆக்கினால் நினைவக வரம்பு தாண்டியது என்று பிழை வரும்; ‘மேக்ஸ்மெம்’ மதிப்பையும் சேர்த்து உயர்த்த வேண்டும். இரண்டு ஹேஷ்களை ஒப்பிட ‘காம்பேர் டைஜஸ்ட்’ பயன்படுத்துங்கள். எந்தப் பெயர் உண்டு, எது இல்லை என்று வெளியே தெரியாதிருக்க, பெயரே இல்லாவிட்டாலும் ஒரு போலி ஹேஷைக் கணக்கிட்டு, ‘பெயரோ கடவுச்சொல்லோ தவறு’ என்ற ஒரே பதிலைக் கொடுங்கள்.

ஐந்து முறை தவறினால் கணக்கைப் பூட்டுவது பலருடைய வழக்கம். உங்கள் மண்டபத்தில் அது வினையாகிவிடும்: வேண்டுமென்றே தவறாகத் தட்டி டீச்சரையே வெளியே நிறுத்திவிடுவார்கள். பூட்டாமல், தவறு கூடக்கூடக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுங்கள். அதையும் எந்தக் கணினியிலிருந்து தட்டினார்களோ அதன் ஐபி முகவரிக்கு மட்டும்.

கேள்வி: பெயரைத் தமிழில் வைத்தால் சரியாக வேலை செய்யுமா?

பதில்: செய்யும், ஒன்றைக் கவனித்தால். ‘கோமதி’யின் ‘கோ’வை ஒரு விசைப்பலகை ஓகாரக் குறி ஒன்றாக அனுப்பும், இன்னொன்று ஏகாரக் குறி, கால் என இரண்டாக அனுப்பும். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டில் வேறு. பெயர், கடவுச்சொல் இரண்டையும் ‘என்எஃப்சி’ (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) முறையில் சீராக்கிய பிறகே சேமியுங்கள், ஒப்பிடுங்கள். ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’ எழுத்தும் தட்டியிருந்தால் என்எஃப்சி காப்பாற்றாது. அப்படிப்பட்ட பெயரைக் கணக்கு திறக்கும்போதே கண்டு திருத்துங்கள். பெயரில் எழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ளனவா என்று பார்க்கும் ‘இஸ்ஆல்நம்’ கொண்டு சோதித்தால் புள்ளியும் துணைக்குறியும் உள்ள தமிழ்ப் பெயரெல்லாம் தள்ளுபடியாகும். அதற்குப் பதில், ஒவ்வொரு குறியீட்டின் யூனிகோட் வகைப்பெயரும் L (எழுத்து), M (துணைக்குறி), N (எண்) என்பவற்றில் ஒன்றில் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு கணினி திடீரென்று அணைந்து மறுபடி வந்தால், ‘ஏற்கனவே உள்ளே இருக்கிறார்’ என்று சர்வர் மறுக்காதா?

பதில்: மறுக்கும்படி எழுதினால் மறுக்கும். மின்சாரம் போன கணினி சொல்லிக்கொண்டு போவதில்லை. பழைய இணைப்பு உயிரோடிருப்பதாகவே சர்வர் நினைக்கும். லினக்ஸில் கீப்அலைவை (மறுமுனை இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி) இயக்கினாலும் இயல்பாக முதல் சோதனைக்கு 7200 விநாடி ஆகும். சரியான கடவுச்சொல்லோடு வந்தால் புதியவரை ஏற்று, பழைய இணைப்பின் சாக்கெட்டை (நிரல் வைத்திருக்கும் இணைப்பு முனை) மூடுங்கள். இங்கே ஒரு பொறி: மூடப்பட்ட பழைய த்ரெட் போகிற போக்கில் பட்டியலிலிருந்து பெயரை நீக்கும், புதிதாக வந்தவர் காணாமல் போவார். நீக்குமுன், பட்டியலில் இருப்பது தன் சாக்கெட்தானா என்று த்ரெட் லாக்கைப் (ஒரே நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பட்டியலைத் தொட விடும் பூட்டு) பிடித்துக்கொண்டு பார்க்கட்டும்.

கேள்வி: மண்டபத்துக்குள் மட்டும்தானே, போகும் தரவை மறையாக்கும் டிஎல்எஸ் அவசியமா?

பதில்: வைஃபை என்றால் அவசியம். அது இல்லாமல் ‘/நுழை’ வரி கடவுச்சொல்லோடு திறந்த தபாலட்டையாகப் போகிறது. சர்வர் யார் என்று காட்ட, நீங்களே உருவாக்கிய சான்றிதழ் போதும். சர்வரின் ஐபி முகவரி அதன் மாற்றுப்பெயர்ப் பகுதியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைத்தான் ஏற்காது. பிழை வந்ததும் சரிபார்ப்பையே அணைத்துவிடாதீர்கள். சான்றிதழ் கோப்பை பென்டிரைவில் 9 கணினிக்கும் கொண்டுபோய் வையுங்கள். அதற்குரிய ரகசியச் சாவிக் கோப்பு மடிக்கணினியை விட்டு நகரக் கூடாது. ரௌட்டரில் அந்த மடிக்கணினிக்கு நிலையான ஐபி ஒதுக்கிவிட்டு இதைச் செய்யுங்கள்.