காலில் இறங்கும், சரி. அப்புறம்?

கேள்வி: பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நாலு காலில்தான் வந்து இறங்குமாமே? அதிலும் ஏழாவது மாடிக்கு மேலிருந்து விழுந்தால் அடியே படாது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நாங்கள் ஐந்தாவது மாடியில் இருக்கிறோம். எங்கள் பூனை பால்கனிக் கைப்பிடி மேல் படுத்துத் தூங்குகிறது. வலை அடித்தே ஆகவேண்டும் என்கிறார் மனைவி. வீண்செலவு என்கிறேன் நான். நீங்கள் யார் பக்கம்?
- வாசகர், கோவை

பதில்: உங்கள் மனைவி பக்கம். இத்தோடு முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த ஏழாம் மாடிச் செய்தியை நீங்கள் இதற்குள் நாலு குரூப்புக்காவது அனுப்பியிருப்பீர்கள் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

பூனை காலில் இறங்குவது பெரும்பாலும் உண்மை. இதைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்களும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. மின்காந்தக் கொள்கை தந்த மேக்ஸ்வெல், கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் பூனையைக் கீழே விட்டுச் சோதித்துப் பார்த்தவர். பிற்பாடு 1870-இல் அவர் அங்கே போனபோது, ‘பூனைகளை ஜன்னல் வழியாக வீசிய மனிதர் இவர்தான்’ என்று ஒரு கதை உலவிக்கொண்டிருந்தது. ஜன்னலும் இல்லை ஒன்றும் இல்லை, மேஜைமீதோ படுக்கைமீதோ இரண்டே அங்குல உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்பதுதான் சரியான முறை, அதற்குள்ளேயே பூனை திரும்பிவிடும் என்று விளக்கிச் சொல்லவேண்டியதாயிற்று அவருக்கு. இதை மனைவிக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

அவர்களுக்கெல்லாம் என்ன குழப்பம்? அந்தரத்தில் பிடிமானம் இல்லாத ஒரு பொருள், சுழற்சி இல்லாமல் விழ ஆரம்பித்தால் தானாகச் சுழற்சியை உண்டாக்கிக்கொள்ள முடியாது. கோண உந்தம் மாறாது என்கிற விதி அது. அப்படியென்றால், பிடித்திருப்பவர் கையை உதைத்துத்தான் பூனை திரும்புகிறது என்று அறிஞர்கள் அடித்துச் சொன்னார்கள். 1894-இல் பிரான்ஸைச் சேர்ந்த எத்தியேன் ஜூல் மரே, மல்லாக்கப் பிடித்த பூனையைக் கீழே விட்டு, அது விழ விழ வரிசையாகப் படமெடுத்து பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். முதல் சில படங்களில் பூனை கொஞ்சம்கூடத் திரும்பியிருக்கவில்லை. கையை விட்டு நன்றாக விலகிய பிறகுதான் உடம்பு முறுக்கத் தொடங்குகிறது. உதைத்த கதை அங்கேயே அடிபட்டுப்போனது. அந்தப் படங்களை வெளியிட்ட பிரிட்டிஷ் அறிவியல் இதழ் ஒன்று, கடைசியில் பூனையின் முகத்தில் தெரியும் அவமானத்தைப் பார்த்தால் அதற்கு அறிவியல் ஆராய்ச்சியில் ஆர்வம் இல்லை என்று தெரிகிறது என எழுதியது. நியாயமான கணிப்புதான்.

பூனை செய்வது இதுதான். உடம்பை இடுப்பில் மடக்குகிறது. முன்னங்கால்களை நெஞ்சோடு ஒடுக்கிக்கொண்டு, பின்னங்கால்களை அகல நீட்டுகிறது. ஒடுங்கிய முன்பாதி எளிதில் நிறையத் திரும்பும். அதற்கு ஈடாக, நீட்டிய பின்பாதி எதிர்ப்பக்கம் கொஞ்சமே திரும்பும். தலையும் தோளும் நேரான பிறகு அப்படியே மாற்றிச் செய்கிறது: முன்னங்கால்களை நீட்டுகிறது, பின்னங்கால்களை ஒடுக்கி, பின்பாதியை இழுத்துத் திருப்புகிறது. மொத்தக் கணக்கு பூஜ்யம்தான், விதி மீறப்படவில்லை, பூனை மட்டும் நேராகிவிட்டது. இதற்கு முழுக் கணக்கும் போட்டுக் காட்ட 1969 ஆயிற்று. ஸ்டான்ஃபோர்டில் கேன், ஷெர் என்ற இருவர் செய்தார்கள். வளைந்து கொடுக்கும் முதுகெலும்பும், மற்ற எலும்போடு இறுக்கமாகச் சேராத காறை எலும்பும் இதற்குத் தோதாக அமைந்திருக்கின்றன. வால் கட்டாயமில்லை. வாலில்லாத மேங்க்ஸ் பூனையும் ஒழுங்காகத் திரும்புகிறது.

எப்போதுமே காலில்தான் இறங்கும் என்பதில்தான் இடிக்கிறது. எந்தப் பக்கம் கீழே என்று பூனைக்குச் சொல்வது உட்செவி. பிறந்த குட்டிக்கு இந்தத் திறமை கிடையாது. மூன்று, நான்கு வாரத்தில் தலைகாட்டி, ஆறு ஏழு வாரத்தில்தான் கைவருகிறது. ‘கீழே’ என்பதே இல்லாமல் போனால்? எடையற்ற நிலையை உண்டாக்கும் விமானத்தில் பூனையை ஏற்றி அமெரிக்க விமானப் படையினர் 1950-களில் அதையும் பார்த்துவிட்டார்கள். பாவம், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.

இதுவரை சொன்னது திரும்புவதைப் பற்றி. தரையில் மோதுவது வேறு விஷயம். வாட்ஸ்அப் கோட்டை விடுவது இங்கேதான்.

ஐந்தாவது மாடி என்றால் சுமார் 15 மீட்டர். காற்றின் தடையால் குறைவதைக் கழித்த பிறகும் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். கால்கள் முதலில் தொடும், மடங்கும், மீதி வேகத்தோடு மோவாய் போய்த் தரையில் இடிக்கும். தாடை நடுவில் பிளப்பது, மேலண்ணம் விரிசல் விடுவது, தொடையெலும்பு முறிவது, நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்குள் நிரம்புவது எல்லாம் இப்படித்தான். நாலு காலிலும் அழகாக இறங்கிய பூனைக்குத்தான் இத்தனையும்.

ஏழாம் மாடிக் கதைக்கு ஒரு மூலம் உண்டு. நியூயார்க் விலங்கு மருத்துவமனை ஒன்றுக்கு மாடியிலிருந்து விழுந்து வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. சுமார் ஏழு மாடி வரை காயம் கூடிக்கொண்டே போய், அதற்கு மேல் குறைந்ததாகக் காணப்பட்டது. வேகம் ஓர் எல்லையைத் தொட்டு நின்றதும் பூனை உடம்பைத் தளர்த்திக் காலைப் பரப்பிக்கொள்கிறது என்று கட்டுரையை எழுதியவர்கள் காரணம் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருபதாவது மாடியிலிருந்து விழுந்து அங்கேயே செத்துப்போன பூனையை யார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? அது புதைகுழிக்குப் போகும், புள்ளிவிவரத்துக்கு வராது. குரோஷியாவின் ஸாக்ரெபில் 119 பூனைகளை ஆராய்ந்து 2004-இல் வந்த கட்டுரையில், ஏழு மாடியும் அதற்கு மேலும் விழுந்தவற்றுக்குக் காயம் கடுமையாகவே இருந்தது, நெஞ்சுக் காயம் உட்பட. இதை யாரும் உங்களுக்கு ஃபார்வர்டு செய்யமாட்டார்கள்.

ஸாக்ரெபில் விழுந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரு வயதுகூட ஆகாதவை. புறாவைப் பார்த்தால் பாயத்தான் செய்யும். மரப்பட்டையில் ஊன்றும் நகம் உங்கள் வீட்டு ஸ்டீல் கைப்பிடியில் ஊன்றாது. தூக்கத்தில் புரண்டால் கேட்கவே வேண்டாம்.

ஒருவேளை வலைக்கு முன்பே விழுந்துவிட்டால், ‘எழுந்து நடக்கிறதே’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பூனை வலியை மறைக்கும், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வலை விஷயம்: புறாவுக்கு அடிக்கும் நைலான் வலையைப் பூனை கடித்துக் கிழித்துவிடும், தொற்றியும் ஏறும், தடித்த இழையாகக் கேளுங்கள், கீழ்ப்பக்கமும் கொக்கி போட்டு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். இன்விசிபிள் கிரில் போடுவதாக இருந்தால் கம்பிக்குக் கம்பி இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டு, மூன்று அங்குலம் விட்டால் குட்டி நழுவிவிடும். வலைக்காரர் வரும்வரை பால்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.