கையெழுத்து வாங்கி என்ன ஆகும்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பாவில் தொழிற்சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் கூட்டணி சேர்ந்து சட்டங்களையே மாற்றுகின்றன என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கோவையில் குடிநீர் விநியோகத்தை 26 ஆண்டுகளுக்கு சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் கொடுத்தபோது நாங்களும் கையெழுத்து வாங்கினோம், மனு கொடுத்தோம். மனுவை வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி. அங்கே மட்டும் கேட்டுவிடுவார்களா? இன்னொன்று, பிரஸ்ஸல்ஸில் இருக்கும் இந்த அமைப்புகள் பலவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையத்தின் பணத்தில்தான் நடக்கின்றன என்கிறார்களே. தன்னை எதிர்க்கச் சொல்லி அரசே காசு கொடுக்குமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், வாங்குகிறார்கள். 1974-இல் தொடங்கப்பட்ட ஐரோப்பியச் சுற்றுச்சூழல் பணியகம் உட்படப் பல அமைப்புகளின் செலவில் ஒரு பங்கு, ஒன்றியத்தின் ‘லைஃப்’ என்ற சுற்றுச்சூழல் நிதித் திட்டத்திலிருந்து வருகிறது. 2025-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் இதை வைத்துப் பெரிய ரகளையே நடந்தது. தொண்டு அமைப்புகளில் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற விவரம் தெளிவாக இல்லை என்று ஒன்றியத்தின் கணக்குகளைப் பார்க்கும் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றமும் அந்த ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. பெரிய கம்பெனிகள் சொந்தக் காசில் ஆள் வைத்து லாபி செய்யும் ஊரில் எதிர்த்தரப்புக்கும் ஒரு நாற்காலி வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். ஆனாலும் மானியத்தில் வாழ்கிறவர்கள் நாளடைவில் மானியம் கொடுப்பவரின் பாஷையிலேயே பேசத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். உங்கள் சந்தேகத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தண்ணீரைச் சொன்னதால் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்று 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து மொத்தம் 10 லட்சம் பேர் கையெழுத்திட்டால், ஐரோப்பிய ஆணையம் அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கவனியுங்கள், பதில் சொன்னால் போதும், சட்டம் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வழியில் முதலில் தேறியது ‘தண்ணீர் உரிமை’ இயக்கம். முன்னே நின்றது பொதுச்சேவை ஊழியர் சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு. குடிநீர் வாரிய ஊழியர்கள் அதில் நிறையப் பேர். சுற்றுச்சூழல் பணியகம், வறுமை எதிர்ப்பு வலையமைப்பு, பொதுச் சுகாதார அமைப்புகள் எல்லாம் கூடச் சேர்ந்தன.

இவர்கள் ஒரே கட்சி ஆட்கள் இல்லை. தண்ணீருக்குச் சரியான விலை வைத்தால்தான் சிக்கனம் வரும் என்பது சுற்றுச்சூழல்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. கட்டணம் கட்ட முடியாதவன் வீட்டுக் குழாயை மூடாதே என்பது வறுமை ஒழிப்புக்காரர்களின் கவலை. சங்கத்துக்கு ஊழியர்களின் வேலை முக்கியம். அவர்கள் எழுதிய மூன்று கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள்: எல்லோருக்கும் தண்ணீரும் கழிப்பிட வசதியும் உரிமையாக வேண்டும், தண்ணீர் சேவையைச் சந்தை விதிகளுக்குள் கொண்டுவரக் கூடாது, மற்ற நாட்டு மக்களுக்கும் தண்ணீர் கிடைக்க ஒன்றியம் பாடுபட வேண்டும். விலையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அடித்துக்கொள்ளக்கூடிய விஷயத்தைத் தொடாமலே எழுதிவிட்டார்கள். கூட்டணிக் கலை என்றால் பாதி இதுதான்.

கையெழுத்து வாங்குவதும் லேசாக இல்லை. அப்போது ஜெர்மனியில் முகவரி, பிறந்த தேதி, ஊர் எழுதினால் போதும். பிரான்சிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அடையாள ஆவண எண்ணும் எழுத வேண்டும். சந்தை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் யார் எழுதிக் கொடுப்பார்கள்? இணையத்தில் வாங்கலாம் என்றால் சான்றிதழ் பெற்ற சர்வர் வேண்டும். அது கிடைக்காமல் எல்லாரும் திண்டாடியபோது ஆணையமே லக்சம்பர்க்கில் இருக்கும் தன் சர்வரை இரவல் கொடுத்தது. ஆணையத்துக்கு எதிரான கையெழுத்துகள் ஆணையத்தின் கம்ப்யூட்டரிலேயே ஏறின.

கடைசியில் சரிபார்த்துத் தேறியவை 16.59 லட்சம். அதில் 12 லட்சத்துக்கு மேல் ஜெர்மனியிலிருந்து வந்தவை. ஏன் ஜெர்மனி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பொதுச் சேவைகளைத் தனியாரிடம் நீண்ட காலத்துக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தங்களுக்குப் பொது விதி வகுக்கும் சட்ட முன்வரைவு ஒன்றை 2011 டிசம்பரிலேயே ஆணையம் கொண்டுவந்திருந்தது. தண்ணீரும் அதற்குள் இருந்தது. ஜெர்மனியில் குடிநீர் பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தமான நிறுவனங்களின் கையில். இந்த விதி வந்தால் ஒருநாள் ஏலம் விட வேண்டிவரும் என்று கட்சி வித்தியாசமில்லாமல் மேயர்கள் பயந்தார்கள். மாநிலங்களின் அவையான பூண்டெஸ்ராட் 2012 மார்ச்சிலேயே ஆட்சேபம் தெரிவித்திருந்தது. 2013 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நையாண்டி நிகழ்ச்சி இதைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் கையெழுத்துகள் கொட்டத் தொடங்கின. அந்த செப்டம்பரில் ஜெர்மனியில் பொதுத் தேர்தல் வேறு.

2013 ஜூன் 21 அன்று அந்தத் துறையின் ஆணையர் மிஷேல் பார்னியே, தண்ணீரைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறோம் என்று அறிவித்தார். கையெழுத்துகளை முறைப்படி ஒப்படைத்தது அந்த டிசம்பரில்! கேட்க வேண்டியவர்கள் அதற்கு ஆறு மாதம் முன்பே கேட்டுவிட்டார்கள். மக்களின் அறம் வென்றது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஊழியர் சங்கத்தின் கோபமும் மேயர்களின் சுயநலமும் தேர்தல் ஜுரமும் ஒரே ஷரத்தின் மேல், அது இன்னும் பேரத்தில் இருக்கும்போதே வந்து விழுந்தன. சட்டம் நிறைவேறிய பிறகு 50 லட்சம் கையெழுத்து வந்திருந்தாலும் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சரி, கேட்டது கிடைத்ததா? 2014 மார்ச்சில் வந்த பதிலில் புதிய சட்டம் எதுவும் இல்லை. 2015 செப்டம்பரில் நாடாளுமன்றம் 363-க்கு 96 என்ற வாக்கில், ஆணையம் போதுமானதைச் செய்யவில்லை என்று தீர்மானம் போட்டது. 2020 டிசம்பரில்தான் ஒன்றிய நாடுகள் எல்லாம் பின்பற்ற வேண்டிய, திருத்திய குடிநீர்ச் சட்டம் வந்தது. தண்ணீர் எட்டாதவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு நாடும் கண்டறிந்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. உணவகங்களில் குழாய்த் தண்ணீரை இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ கொடுப்பதை ஊக்குவிக்கலாம் என்றும் இருக்கிறது. டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டு இலை போடும் நம் ஊர் மெஸ்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். நீதிமன்றத்தில் போய் நிற்கக்கூடிய உரிமையாகத் தண்ணீரை எழுதச் சொன்னார்கள், அது நடக்கவில்லை. இந்தக் கூட்டணிகள் தடுப்பதில் கெட்டி, கேட்டுப் பெறுவதில் அரைகுறை. பல சட்டங்களில் இதே கதையைப் பார்க்கலாம்.

உங்கள் சூயஸுக்கு வருகிறேன். கிரீஸில் தெசலோனிகி நகரக் குடிநீர் நிறுவனத்தை வாங்கப் போட்டியிட்டவர்களில் அதுவும் ஒன்று. 2014 மே 18 அன்று, உள்ளாட்சித் தேர்தல் நாளிலேயே மக்கள் தாங்களாக வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2 லட்சத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது, 98 சதவீதம் ‘விற்காதே’. சட்டப்படி அதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆனால் அதே சமயத்தில் ஏதென்ஸ் குடிநீர் நிறுவனத்தைத் தனியார்மயமாக்கும் முயற்சி அரசமைப்புக்கு விரோதம் என்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொன்னது. விற்பனை நின்றது.

உங்களுக்கு இன்னும் பக்கத்தில் வருவது பெர்லின். அங்கே 1999-லேயே ஒப்பந்தம் போட்டு முடித்துவிட்டார்கள். குடிநீர் நிறுவனத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு தனியார் நிறுவனங்களுக்குப் போனது, ஒப்பந்தம் ரகசியம். ‘தண்ணீர் மேசை’ என்ற சிறு குழு, தான் கொண்டுவந்த வாக்கெடுப்பில் ரத்து செய் என்று கேட்கவில்லை. ஒப்பந்தத்தை வெளியிடு என்று மட்டும் கேட்டது. 2011 பிப்ரவரி வாக்கெடுப்பில் 6.6 லட்சம் பேர் ஆமாம் என்றார்கள். தனியாருக்கு லாபத்தை உத்தரவாதம் செய்திருந்த ஷரத்துகளை ஊரே படித்தது. 2013-க்குள் நகரம் 100 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்துப் பங்குகளைத் திரும்ப வாங்கியது. அந்தக் காசும் எங்கிருந்து வரும், தண்ணீர்க் கட்டணத்திலிருந்துதான்.

உங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வணிக ரகசியம் என்று பிரிவு 8(1)(d)-ஐக் காட்டி மறுப்பார்கள். பொதுநலன் பெரிது என்றால் கொடுத்தாக வேண்டும் என்று அதே பிரிவிலேயே இருக்கிறது, மேல்முறையீட்டில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்த ஒப்பந்தமும் வேண்டாம். கட்டணத்தை யார், எப்போது திருத்தலாம், இடையில் முறித்தால் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற பக்கங்களை மட்டும் முதலில் கேளுங்கள்.