சாதாரண காரில் கோவையிலிருந்து ஸ்பிட்டி போக முடியுமா, ஃபோர் வீல் டிரைவ் கட்டாயமா?

கோடை லீவில் குடும்பத்தோடு கோயம்புத்தூரிலிருந்து ஹிமாசலப் பிரதேசத்து ஸ்பிட்டி பள்ளத்தாக்கு வரை சொந்தக் காரிலேயே போய்வர ஆசை, கையில் இருப்பது சாதாரண ஹேட்ச்பேக், ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) இல்லாமல் நினைத்துக்கூடப் பார்க்காதே என்கிறார்கள், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நானும் அப்படிப்பட்ட காரில்தான் போய்வந்தேன். மனைவி, மச்சினன், அறுபது தாண்டிய அப்பா, டிக்கி நிறைய சாமான். உடனே ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கும் நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம், அந்த வண்டிகளின் பலம் எனக்குத் தெரியும், அதைக் கண்ணால் பார்த்த கதையும் கீழே வருகிறது. நான் சொல்வது ஒன்றுதான்: அந்த ஊர் ரோட்டில் வண்டி போகுமா போகாதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நேரம். எந்த மாதம், அன்றைக்கு எத்தனை மணி, கையில் உபரியாக எத்தனை நாள் இருக்கிறது. இதைச் சரியாகப் போட்டுவிட்டால் மிச்சத்தைச் சமாளிக்கலாம்.

முதலில் மாதம். இதில்தான் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சிக்கல். நமக்குப் பள்ளிக்கூட லீவு ஏப்ரல், மே. ஆனால் ஸ்பிட்டியிலிருந்து மணாலி பக்கம் இறங்க வேண்டுமென்றால் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்சும் கணவாயைத் தாண்டவேண்டும், அது பனி அகற்றித் திறக்கவே பெரும்பாலும் மே கடைசி அல்லது ஜூன் ஆகிவிடும். சரி, ஜூலையில் போகலாம் என்றால் மழை. சிம்லா வழியில் வரும் கின்னௌர் மாவட்டத்தில் மலையே ரோட்டில் வந்து விழும். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரி என்ற இடத்தில் மண் சரிந்து பஸ்ஸும் மற்ற வண்டிகளும் புதைந்து 28 பேர் இறந்தார்கள். 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிக்குப் போனவர்கள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டதும் செய்திகளில் வந்தது. ஆக கோடையில் ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜூன் கடைசி வரைதான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தால் மே மாதம்தான் முடியும் என்றால் மணாலியை மறந்துவிடுங்கள், சிம்லா வழியாகப் போய் அதே வழியாகத் திரும்புங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

சமவெளியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேலத்தில் தேசிய நெடுஞ்சாலை 44 பிடித்தால் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று அம்பாலா வரைக்கும் அதே எண்தான். டெல்லிக்குள் நுழையாமல் பல்வலிலிருந்து குண்டலி போகும் வெளிவட்டச் சாலையைப் பிடியுங்கள். சிம்லா வரை ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர், ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள், நான்கில் முடிக்கிறேன் என்று வீரம் காட்டவேண்டாம். அந்தச் சீசனில் நாக்பூர், ஜான்சி பக்கம் 45 டிகிரி அடிக்கும். விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்கு லாட்ஜில் ஏசி போட்டுப் படுத்துவிடவேண்டும். கிளம்புவதற்கு முன்னால் டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், 2319 என்றிருந்தால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பழைய டயரை அந்த வெயிலில் நம்பாதீர்கள்.

மலையில் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது என்பது முக்கியம். சிம்லா, ராம்பூர், கல்பா, நாகோ, தாபோ, கடைசியில் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஸா, இதுதான் வரிசை. சிம்லா 2,200 மீட்டர், கல்பா 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே, காஸா 3,600க்கு மேலே. உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலியிலிருந்து ஏறினால் 2,000 மீட்டரில் தூங்கி எழுந்தவர் அன்று மதியமே 4,500இல் நிற்பார். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதத்துக்கும் குறைவு, தலைவலியும் வாந்தியும் வருவதில் ஆச்சரியமில்லை. எஞ்சினுக்கும் அதே மூச்சுத்திணறல்தான். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம்போல இழுவை இழக்கும். கல்பாவில் இரண்டு இரவு, தாபோவில் ஒரு இரவு கட்டாயம் தங்குங்கள். தாபோ மடம் கி.பி. 996இல் கட்டியது, உள்ளே மண்சுவரில் இருக்கும் ஓவியங்களைப் பார்க்கவே ஒரு நாள் பத்தாது. பெரியவர்களைக் கூட்டிப்போனால் முன்கூட்டியே டாக்டரிடம் காட்டிவிடுங்கள், உயரத்துக்கான மாத்திரையை அவர் சொல்லாமல் நீங்களாக வாங்கிப் போடவேண்டாம்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பொள்ளாச்சி–வால்பாறை ரூட்டில், அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில், பல வருடம் ஓட்டியவர். "எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்கு கண்ணு, பிரேக்கைக் கடைசிக்கு வெச்சுக்கோ" என்பார். மலை வளைவுகளில் ஏறும்போது எதிரே லாரி இறங்கி வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்று அவர் சொல்லிக்கொடுத்த பழக்கம்தான் எனக்கு. நம் நாட்டுச் சாலை விதியும் அதுதான். இத்தனை தெரிந்த மனுஷனுக்கு ஊரில் என்ன மரியாதை? எனக்குப் பெண் பார்த்தபோது ஒரு வீட்டில் "டிரைவர் பையனா" என்று கேட்டுவிட்டு அதற்குமேல் பேச்சையே எடுக்கவில்லை. ஐம்பது அறுபது உயிரை நாள் தவறாமல் மலையேற்றி இறக்கியவரை அப்படி ஒரு சொல்லில் ஒதுக்கினார்கள். இன்றைக்கு இரண்டு முறை மலைக்குப் போய் வீடியோ போட்டவரை ஆஃப்ரோடு நிபுணர் என்கிறோம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ காட் ரோட்டில் பஸ் ஓட்டிய ஒருவர் இருந்தால், எந்த சேனலையும் பார்ப்பதற்கு முன்னால் அவரிடம் போய் உட்காருங்கள்.

இனி நீங்கள் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். காஸா வரை உள்ள ரோடு குறுகல், அங்கங்கே கல், ஆனால் சாதாரண கார் போகும். உண்மையான ஆஃப்ரோடு என்றால் குன்சும் இறங்கிய பிறகு பாத்தலிலிருந்து கிராம்ஃபூ வரை சந்திரா நதியை ஒட்டிப் போகும் பகுதிதான். ரோடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, ஆற்றுப்படுகைக் கல்லின்மேல் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே பனி உருகி வரும் ஓடைகள். ராத்திரிக் குளிரில் பனி உருகுவது குறையும், அதனால் காலையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். வெயில் ஏற ஏற ஓடையும் ஏறும். மதியம் இரண்டு மூன்று மணிக்கு அதே ஓடை முழங்காலைத் தாண்டி, கல்லை உருட்டிக்கொண்டு ஓடும்.

நாங்கள் இருட்டோடு காஸாவை விட்டோம். லோசர் கிராமம் தாண்டி ரோடு வேலைக்காக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், ஜேசிபி ஒதுங்கி வழி கிடைக்க நேரமாகிவிட்டது. பாத்தலைத் தாண்டி ஒரு ஓடைக்கு வரும்போது மதியம் இரண்டு. கரையில் நாலைந்து வண்டிகள் நின்றன, நடுத் தண்ணீரில் ஒரு வேன் மாட்டி ஆட்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே பெரிய டயர் போட்ட ஃபோர் வீல் டிரைவில் நம்ம கோயம்புத்தூர்ப் பையன்கள் சிலர் வந்தார்கள். கோவை நம்பரைப் பார்த்ததும் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "ணா, நாங்க முன்னால போறோம், எங்க தடத்துலயே வாங்க, மாட்டுனா கயிறு போட்டு இழுத்துக்கலாம்" என்றார்கள். சொன்னபடியே தாண்டியும் காட்டினார்கள், அசையாமல் போனது வண்டி. மச்சினன் என் முகத்தைப் பார்த்தான், அன்று ராத்திரி மணாலியில் ரூம் போட்டுப் பணமும் கட்டியிருந்தோம்.

நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே தண்ணீர், அடியில் கால் வைத்த இடத்தில் கல் நகர்ந்தது. என் வண்டிக்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 170 மில்லிமீட்டர், நான்கு பேர் ஏறினால் அதுவும் குறையும். எஞ்சின் காற்று இழுக்கும் குழாயில் தண்ணீர் ஏறினால் பிஸ்டன் ராடு வளையும், அந்த இடத்தில் போன் சிக்னலும் கிடையாது, மெக்கானிக்கும் கிடையாது. வண்டியைத் திருப்பினேன். "அக்கா, இவ்ளோ தூரம் வந்துட்டு..." என்று மச்சினன் ஆரம்பித்தான், பிறகு பாத்தல் வரை பேசவே இல்லை. அப்பா மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி "நல்லது கண்ணு" என்றார். பாத்தல் தாபாவில் ராஜ்மா சோறு, நாற்றமடிக்கும் ரஜாய் (பஞ்சுப் போர்வை), தூக்கம் சரியாக வரவில்லை, மனைவிக்கு லேசாகத் தலைவலி. மணாலி ரூம் பணமும் போனது. திருப்பியதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

மறுநாள் ஐந்தரைக்கு அதே ஓடை. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. முன்தினம் பார்க்க முடியாத கல் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு பெரிய கல்லை நகர்த்தி, ஒரு குழியை அடைத்து, மூன்று பேரையும் இறக்கி நடக்கவிட்டு, முதல் கியரில், கிளட்சில் கால் வைக்காமல், ஆக்சிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்து ஏற்றினேன். நடுவில் கியர் மாற்றவோ நிறுத்தவோ கூடாது. ஏறிய பிறகு பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காயவைக்கவேண்டும். எட்டு மணிக்கு முன்னால் சத்ரூவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஆக ஃபோர் வீல் டிரைவ் இருந்திருந்தால் எனக்கு அந்த ஒரு மதியம் மிச்சமாகியிருக்கும். அந்த மதியத்துக்காக நீங்கள் புது வண்டி வாங்கவேண்டியதில்லை, திட்டத்தில் உபரியாக மூன்று நாள் வையுங்கள். மொத்தம் இருபது நாளுக்குக் குறைவாக லீவு கிடைத்தால் இந்தப் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுங்கள், அவசரத்தில் இருப்பவன்தான் இரண்டு மணித் தண்ணீரில் இறங்குவான்.

வண்டியில் வைக்கவேண்டியவை: டியூப்லெஸ் பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், இழுவைக் கயிறு, வண்டியோடு வந்த டோ ஹூக் (இழுவைக் கயிறு மாட்டும் கொக்கி), சின்ன மண்வெட்டி. அலாய் வீல் இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு இரும்பு ரிம் மாட்டிக்கொண்டு போங்கள், அடிபட்டு வளைந்தாலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம். சாதாரண இன்சூரன்சில் தண்ணீர் புகுந்து எஞ்சின் போனால் பணம் கிடைப்பது கஷ்டம், எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கவேண்டும், கிளம்பும் முன் பாலிசியை எடுத்துப் படியுங்கள். டீசல் கார் என்றால், புகை வடிகட்டி உள்ள பிஎஸ் 6 வண்டிகளில் மலையில் மெதுவாகவே ஓட்டி அது அடைத்துக்கொள்ளும், சமவெளியிலேயே எச்சரிக்கை விளக்கு எரிந்திருந்தால் சண்டிகரில் சரிபார்த்துவிட்டு ஏறுங்கள். காஸாவில் டேங்கை நிரப்பிவிடுங்கள், ரொக்கம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குன்சும் திறந்திருக்கிறதா, ஓடைகள் எப்படி என்பதைக் கிளம்பும் முன்தினம் சாயங்காலம் காஸா மார்க்கெட்டில் டாக்சிக்காரர்களிடம் கேளுங்கள், அன்று காலைதான் அந்த வழியாக வந்திருப்பார்கள்.