நாலு மணித் தூக்கத்தில் என்ன பெருமை?

அன்புள்ள ஆன்ட்டி,
தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறேன். பகலில் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், ராத்திரி ஆன்லைனில் போன் கவர் விற்கிறேன். படுக்க ஒரு மணி, எழுந்திருக்க ஐந்து மணி. பழகிவிட்டது. எங்கள் தாத்தாவும் இப்படித்தான் உழைத்தாராம். ஆயாதான் திட்டுகிறார். சனி, ஞாயிறு தூங்கிச் சரிக்கட்டினால் போதாதா? மஞ்சள் பால் உதவுமா?
ஆர்.

அன்புள்ள தம்பி,
மஞ்சள் பால் குடி, நன்றாக இருக்கும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

தாத்தாவைச் சொல்லிப் பெருமைப்பட்டாய் பார், அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. கொஞ்ச நாளாகவே இது மனதில் ஓடுகிறது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், “நான் நாலு மணி நேரம்தான் தூங்குவேன்” என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்துகிறார். எங்கே கற்றோம் இதை?

1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் வந்து இறங்கிய நம் முன்னோருக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி. இருட்டோடு எழுப்பிக் கரும்புக் காட்டுக்கு விரட்ட சர்தார் என்ற கங்காணி இருந்தார். அவர்கள் ஆசைப்பட்டா முழித்திருந்தார்கள்? தூங்க விடவில்லை.

அப்புறம் 1950-இல் குரூப் ஏரியாஸ் சட்டம், இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று. டர்பன் டவுனை ஒட்டிய கேட்டோ மேனரிலிருந்து நம்மவர்களைக் கிளப்பி, தள்ளியிருந்த சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். வேலை டவுனில், வீடு எங்கோ மலைச்சரிவில். போய்வருகிற நேரமெல்லாம் தூக்கத்திலிருந்துதான் போனது. என் அம்மா துணி ஃபேக்டரியில் தைத்தாள். விடியுமுன் பஸ் ஸ்டாப் கம்பத்தில் தோளைச் சாய்த்து நின்றபடியே தூங்குவாள், பஸ் காசு உள்ளங்கையில் வியர்த்துக் கிடக்கும். சாயங்காலம் சட்டையில் ஒட்டிய நூல்துணுக்கை உதறக்கூடத் தெம்பிருக்காது. அதையும் யாரோ ஒரு உறவுக்காரர் “உழைப்பாளி” என்று மெச்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்குச் சர்க்கரை வந்தது. தூக்கம் கெட்டதால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், நம் ஜனங்களில் அது வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள், 1999-இல் வெளியான ஆய்வு. ரத்தத்திலிருந்து சர்க்கரையை இறக்கும் வேகம் அவர்கள் உடம்பில் நன்றாகக் குறைந்துவிட்டது. நீயும் அதே நாலு மணி நேரம்தான்.

பழகிவிட்டதாம்! 2003-இல் இன்னொரு ஆய்வு. இரண்டு வாரம் தூக்கத்தைக் குறைத்ததில் ஆட்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. அவர்களுக்கோ தூக்கக் கலக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. கவனம் கெட்டது அவரவருக்கே தெரியாது. நீ ஓட்டுவது ஃபோர்க்லிஃப்ட், குறுக்கே நடப்பது இன்னொருவர் பிள்ளை. அதை யோசித்தாயா?

ராத்திரி விற்றால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்றால் சொல், வாயை மூடிக்கொள்கிறேன். அது வேறு பேச்சு. என் அம்மாவுக்கு வேறு வழியில்லை. வழி இருந்தும் கண் முழிக்கிறாய் என்றால், சர்தார் வேலையை நீயே சம்பளமில்லாமல் பார்க்கிறாய்.

சரி, சனி ஞாயிறு கேட்டாயே. தூங்கு, அசதி கொஞ்சம் குறையும். வாரம் முழுக்க விட்டதை அது ஈடுகட்டாது. பெரியவர்களுக்குத் தினமும் ஏழு மணி நேரமாவது வேண்டும். ஒன்பதரைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் படு. நடுராத்திரி போன் கவர் வாங்குகிறவன் காலையிலும் வாங்குவான்.